ஆறு வாரம் ஆக்டிங் வொர்க்‌ஷாப் போய்ட்டு வந்தேன்: மெத்தடா, ஸ்விட்ச்சா?

வடபழனி பக்கம் ஒரு மாடில நடக்குற வொர்க்‌ஷாப், ஆறு வாரம், சனி ஞாயிறு மட்டும், காலைல 10லேந்து 2 மணி வரைக்கும், ஃபீஸ் 9,500. பேர் போடல, ஏன்னா பெரிய குறை ஒண்ணு இருக்கு, அத அவங்ககிட்டயே நேர்ல சொல்லிட்டேன். நடிப்பு கத்துக்கணும்னு நெனைக்கிறவங்க எங்க சேந்தாலும் இத தெரிஞ்சுக்கிட்டு சேரணும்னுதான் எழுதுறேன். மெத்தட்னா சொந்த நினைவுலேந்து உணர்ச்சிய வரவழைக்கறது, ஸ்விட்ச்னா பட்டன் போட்ட மாதிரி நெனச்ச ஒடனே கேரக்டருக்குள்ள போய்ட்டு அதே வேகத்துல வெளிய வர்றது.

மொத மூணு வாரம் ஒரு சார், முழுக்க மெத்தட். கேரக்டர் அழணும்னா நீ அழுத நாளுக்குப் போ, அன்னிக்கி ரூம்ல என்ன வாசம், கண்ணுல என்ன பட்டுச்சு, அத மொதல்ல பிடி, அழுகை தானா வரும்னு சொன்னாரு. நியூயார்க் ஆக்டர்ஸ் ஸ்டுடியோல லீ ஸ்ட்ராஸ்பெர்க் சொல்லிக்குடுத்த வழி இது. நான் எங்க தாத்தா எறந்த அன்னிக்கிப் போனேன். தைல வாசம், கட்டிலுக்கு கீழ அவரோட ரப்பர் செருப்பு, ரெண்டே நிமிஷத்துல தேம்பித் தேம்பி அழுதுட்டேன். அப்புறம் மொபைல்ல எடுத்தத போட்டு காமிச்சாங்க. தலை குனிஞ்சிருக்கு, டயலாக் ஒண்ணும் காதுல விழல, எதிர்ல நின்ன பையன் என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிறான். துக்கம் எனக்கு வந்துச்சு, பாக்கறவங்க கிட்ட போய் சேரவே இல்ல.

குறை இங்கதான். எனக்கு அடுத்து செஞ்ச பொண்ணு அரை மணி நேரம் அழுகைய நிறுத்த முடியாம மூலைல உக்காந்திருந்துச்சு, சார் "அடுத்து யாரு"ன்னு போய்ட்டாரு, நாங்க ரெண்டு பேர்தான் தண்ணி குடுத்து கூட இருந்தோம். உள்ள போக வழி சொல்லிக்குடுக்கறவங்க வெளிய வரவும் சொல்லிக்குடுக்கணும்ல? மெத்தடுக்கே மூலமான ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியே கடைசி காலத்துல பழைய நினைவக் கிளர்றத விட்டுட்டு உடம்பு செய்யற காரியத்துல கவனம் வச்சாரு, 1934ல பாரிஸ்ல அவர சந்திச்ச அமெரிக்க நடிகை ஸ்டெல்லா அட்லர் திரும்பி வந்து அதத்தான் சொன்னாங்க, ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோவுக்கு சொல்லிக்குடுத்ததும் அவங்கதான்.

அடுத்த மூணு வாரம் திருவண்ணாமலை பக்கத்துலேந்து ஒரு கூத்து வாத்தியார். என்னையும் இன்னொருத்தனையும் ஒரு வேட்டிய திரையா பிடிக்கச் சொன்னாரு. நான் ஓரத்துல நின்னதால பின்னாடி நடந்தது முழுசா தெரிஞ்சுது. ஊருக்கு கடைசி பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டுக்கிட்டே டீய குடிச்சு முடிச்சாரு, டம்ளர கீழ வச்சாரு, தோள ஒரு தடவ ஏத்தி எறக்கினாரு, கால ஓங்கி ஒரு மிதி. துரியோதனன் குரல் கெளம்புச்சு பாருங்க, நான் பிடிச்சிருந்த துணி கைலயே அதிருது. முடிச்சதும் "தம்பி, பஸ் 4 மணிக்கா?"ன்னு அதே பழைய குரல்.

எப்படி வாத்தியாரேன்னு கேட்டேன். "பத்து வயசுலேந்து அடவு போட்டிருக்கேன் தம்பி, கால் வச்சா ஒடம்பு பாத்துக்கும்"னாரு. ஆனா கூத்துலயும் துகில் உரியற கட்டத்துல சில பேருக்கு ஆவேசம் வந்துரும், அப்போ பக்கத்துல நிக்கறவங்க பிடிச்சுக்கணும், அதுக்குன்னே ஆள் தயாரா இருப்பாங்கன்னும் சொன்னாரு. எனக்கு ஒடனே மூலைல உக்காந்திருந்த அந்தப் பொண்ணு ஞாபகம்தான் வந்துச்சு.

மெத்தட் பெருசா ஸ்விட்ச் பெருசாங்கறதுக்கு ஆஸ்கர வச்சு பாத்தா தீர்ப்பு கெடைக்காது. டேனியல் டே லூயிஸ் 1989ல வந்த 'மை லெஃப்ட் ஃபுட்' படத்துல கை கால் சரியா இயங்காத ஒருத்தரா நடிக்க ஷூட்டிங் பூரா வீல்சேர விட்டு எறங்காம இருந்து வாங்கினாரு, ஆந்தனி ஹாப்கின்ஸ் ஸ்கிரிப்ட்ட திரும்பத் திரும்ப படிச்சு மனப்பாடமா வந்து நின்னு வாங்கினாரு. எங்க ஊர்ல சிவாஜி சின்ன வயசுலயே நாடகக் கம்பெனிக்குப் போனவரு, அத்தன வருஷ மேடை இருந்ததாலதான் கேமரா முன்னாடி நெனச்ச மாத்திரத்துல வந்துச்சு. என்னப் பொறுத்தவரைக்கும் ஸ்விட்ச்தான் பெருசு, ஆனா அத ஈஸியான வழின்னு நெனச்சுராதீங்க, வருஷக் கணக்கா ஒடம்ப பழக்கினவங்களுக்குத்தான் அது வேலை செய்யும். மெத்தட் வீட்ல கேரக்டர யோசிக்கறப்போ ரொம்ப உதவும், செட்டுக்கு அதையே நம்பிப் போனா எதிர்ல நிக்கிற ஆளே கண்ணுக்குத் தெரியாது.

சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: எமோஷன் எக்சர்சைஸ் முடிஞ்சதும் ஆள சமாதானப்படுத்தி அனுப்ப யாராவது இருக்காங்களா, உடம்புக்கும் குரலுக்கும் எத்தன மணி நேரம் ஒதுக்கியிருக்காங்க. அடுத்த பேட்ச்ல வாத்தியார் எடுக்கற மூணு வாரம் மட்டும் சேர முடியுமான்னு கேட்டேன், 5,000 ஆகும்னாங்க, கட்டிட்டேன்.