டபிள்யூ.பி.ஏ பட்டியா, ஐ.பி.எஃப் பட்டியா?

திருகோணமலையில் விடியப்புறம் போனில் குத்துச்சண்டை பார்க்கிற பொடியள் அடிக்கடி கேட்பது: "ஒரே எடையில் எப்படி இத்தனை உலக சாம்பியன்கள்?" டபிள்யூ.பி.ஏ, டபிள்யூ.பி.சி, ஐ.பி.எஃப், டபிள்யூ.பி.ஓ என்று நான்கு அமைப்புகள் தனித்தனியே சாம்பியனுக்கு இடுப்புப் பட்டி கொடுக்கின்றன. பட்டச் சண்டை ஒவ்வொன்றிலும் வீரரின் சம்பளத்தில் ஒரு பங்கு அமைப்புக்குக் கட்டணமாகப் போகிறது. பட்டங்கள் பெருகுவதற்கு முதல் காரணம் அந்தக் காசுதான்.

இதில் மோசம் டபிள்யூ.பி.ஏ. ஒரே எடையில் 'சூப்பர்' சாம்பியன், அவருக்குக் கீழே 'ரெகுலர்' சாம்பியன், சிலவேளை 'இன்ட்ரிம்', அதாவது இடைக்கால, சாம்பியனும். அறிவிப்பாளர் மூவரையும் உலக சாம்பியன் என்றே கூப்பிடுவார். 'சூப்பர்' இருக்கும்போது 'ரெகுலர்' பட்டியைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம்.

1983இல் தொடங்கிய ஐ.பி.எஃப் இறுக்கமானது. பட்டச் சண்டையன்று காலையிலும் நிறை பார்க்கும். அந்த எடைப்பிரிவின் எல்லையை விட 10 இறாத்தலுக்கு மேல் ஏறக்கூடாது. எல்லை 147 இறாத்தலான வெல்டர்வெயிட் பிரிவு என்றால் 157. முதல்நாள் நிறை பார்ப்பதற்காக உடலை வற்றவைத்து, இரவோடு இரவாக ஊதிப்பெருத்து வருகிறவர் இங்கே மாட்டுவார். ஆனால் இரண்டு அமைப்புகளின் பட்டிகளை இணைக்கும் சண்டையில் இந்த விதியைப் பொதுவாகத் தளர்த்திவிடுகிறார்கள்.

இறுக்கத்துக்கும் விலை உண்டு. 2024 மே மாதம் ரியாத்தில் ஃபியூரியை வென்று நான்கு ஹெவிவெயிட் பட்டிகளையும் சேர்த்த உசிக், அடுத்த மாதமே ஐ.பி.எஃப் பட்டியை விட்டார். ஃபியூரியோடு மறுசண்டை ஒப்பந்தம் இருக்க, தான் குறித்த சவாலாளரோடு கட்டாயம் மோதச் சொல்லி ஐ.பி.எஃப் வற்புறுத்தியது. ஐ.பி.எஃப்பின் இன்ட்ரிம் சாம்பியனாயிருந்த டுபுவா, உசிக்கை வெல்லாமலே முழுச் சாம்பியனானார்.

அப்படியிருந்தும் ஒரு பட்டியை நம்பச் சொன்னால் ஐ.பி.எஃப்தான்.