குளிர்கால டயருக்காக 17 அங்குலத்திலிருந்து 16-க்கு இறங்கினேன்: கரோலாவில் ஆறு குளிர்காலம்

என்னுடையது 2014 டொயோட்டா கரோலா எஸ். ஓடுவது கனடாவின் ஒட்டாவாவில். காரோடு வந்தவை 215/45 ஆர் 17 அளவு ஆல் சீசன் டயர்கள். (215 என்பது மி.மீட்டரில் அகலம், 45 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 17 என்பது அங்குலத்தில் ரிம்மின், அதாவது டயர் ஏறும் உலோகச் சக்கரத்தின், விட்டம்.) பெயரிலேயே எல்லாப் பருவமும் இருக்கிறதே, தனியாக ஏன் செலவு செய்ய வேண்டும் என்று முதல் குளிர்காலத்தை அவற்றிலேயே ஓட்டினேன். ஜனவரியில் ஒரு நாள் சிக்னலில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று உதறுகிறது, கார் நிற்கவில்லை. சறுக்கிப் போய்ச் சந்திப்பின் நடுவில்தான் நின்றது. நல்ல வேளை, குறுக்கே யாரும் வரவில்லை. சுமார் 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் இறுக ஆரம்பித்துவிடும் என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆற்றைத் தாண்டினால் கியூபெக் மாகாணம். அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, குளிரிலும் ரப்பர் இறுகாத குளிர்கால டயர் கட்டாயம். எங்கள் ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, போட்டால் காப்பீட்டில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. 2017-இல் வாங்க முடிவு செய்தேன்.

எந்த அளவு? அகலமான டயர்தான் நன்றாகப் பிடிக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். காய்ந்த சாலையில் சரி. சேறாய்க் கரைந்த பனியிலோ அகல டயர் மேலே மிதக்கப் பார்க்கும், ஒடுங்கியது கிழித்துக்கொண்டு இறங்கும். இதே கரோலாவின் எல்ஈ வகைக்குக் கம்பெனியே கொடுப்பது 205/55 ஆர் 16. கணக்குப் போட்டேன்: 17-இன் மொத்த விட்டம் 625 மி.மீ, 16-இன் விட்டம் 632. ஒரு சதவீத வித்தியாசம்தான், ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. டயரின் பக்கச்சுவர் உயரம் 97-லிருந்து 113 மி.மீ ஆகிறது. பனி உருகும் மார்ச்சில் இந்த ஊர்ச் சாலைப் பள்ளங்களில் விழுந்து எழுந்தவர்களுக்கு அந்த 16 மி.மீட்டரின் அருமை தெரியும். விலையும் குறைவு.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் 16 அங்குல டயர் 17 அங்குல ரிம்மில் ஏறாது, ரிம்மும் தனியாக வேண்டும். சகாய விலைக்குக் கிடைத்தது என்று பழைய ரிம் நான்கை ஏற்றிக்கொண்டு வந்தேன். 16 அங்குலம், ஐந்து போல்ட், வேறென்ன வேண்டும்? மாட்டிப் பார்த்தால் ஒரு போல்ட் உள்ளே போகிறது, மற்றது வெளியே நிற்கிறது. கரோலாவின் போல்ட் வட்டம், அதாவது ஐந்து போல்ட்டும் அமைந்திருக்கும் வட்டத்தின் விட்டம், 100 மி.மீ, அந்த ரிம்மினுடையது 114.3. பணம் போனது போனதுதான்.

அடுத்து ஒரு கடையில் புது ஸ்டீல் ரிம் வாங்கினேன். போல்ட் பொருந்தியது, ஆனால் வேகம் 90 கி.மீட்டரைத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கியது. இரண்டு முறை பேலன்சிங் செய்தும் தீரவில்லை. கடைசியில் பார்த்தால் ரிம்மின் நடுத் துளைக்குள் உட்காரும் கரோலாவின் ஹப் 54.1 மி.மீ, ரிம்மின் துளை அதைவிடப் பெரிது. அந்த இடைவெளியை அடைக்கும், சில டாலர் விலையுள்ள பிளாஸ்டிக் வளையம் நான்கைச் செருகியதும் நடுக்கம் போய்விட்டது. இதை முதல் நாளே அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்கலாம்.

ஓட்டத்தைப் பற்றி: பனிச்சாலையில் கிளம்புவதும் நிற்பதும் வேறு கார் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் விழுந்தவுடன் பனிக்கட்டியாகும் உறைமழை பெய்து சாலை கண்ணாடியாகிவிட்டால் இந்த டயரும் பெரிதாக ஒன்றும் செய்யாது, அன்று வீட்டிலிருப்பேன். காய்ந்த நெடுஞ்சாலையில் இரைச்சல் கொஞ்சம் அதிகம், வளைவில் கார் சற்று ஆடியபடி போகும். ஒரு வருடம் சோம்பலில் மே மாதக் கடைசி வரை ஓட்டினேன். பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் டயரின் மேல்புற வரிகள், தேய்ந்தது கண்ணுக்கே தெரிந்தது.

பருவத்துக்குப் பருவம் ரிம்மோடு கழற்றி மாற்றுவது நானேதான். நட்டுகளை 76 அடி-பவுண்டு (முறுக்கு விசையின் அளவு) இறுக்கத்துக்கு முறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி சரிபார்ப்பேன். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) குறையும், அதனால் டிசம்பரில் அடிக்கடி அளந்து பார்க்கிறேன்.

இப்போது பட்டன் ஆழம் 4 மி.மீட்டருக்கு வந்துவிட்டது. சட்டப்படி இன்னும் ஓட்டலாம், பனிக்குப் போதாது. அக்டோபரில் புது டயர் வாங்கப் போகிறேன், அளவு அதே 205/55 ஆர் 16. ரிம்மும் அதேதான். கடையில் ரிம்மில் புது டயர் ஏற்றும்போது அந்த வளையங்களை யாரும் தொலைத்துவிடாமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.