குரல்வழித் தட்டச்சுச் செயலி: மனு எழுதுபவரின் மதிப்பீடு

மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகில் மனு எழுதித் தருவது என் தொழில். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கூட்டம் நெரியும் என்பதால், வந்தவர் சொல்லச் சொல்ல எழுத்தாக்கித் தரும் குரல்வழித் தட்டச்சுச் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டி, மூன்று மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் பெரும்பாலோர் ழகரத்தை ளகரமாகவே ஒலிப்பார்கள். 'கெளக்கே வாய்க்கா' என்றாலும் 'கிழக்கே வாய்க்கால்' என்று செயலி பிழையின்றி எழுதிவிடுகிறது. நான்கெல்லை குறிக்க வேண்டிய நிலத் தகராறு மனுக்களில் இது பெரிய உதவி.

சிக்கல் வினைச்சொல்லின் ஈற்றில் இருக்கிறது. 'போய்க்கொண்டிருக்கிறது' என்பதை மதுரையில் 'போய்க்கிருக்கு' என்போம். தெருவில் சாக்கடைத் தண்ணீர் போய்க்கிருக்கு என்று ஒருவர் சொன்னதை 'போய் கிறுக்கு' என்று எழுதியது. இதையாவது பார்த்த மாத்திரத்தில் திருத்திவிடலாம். கண்ணில் படாத பிழைதான் ஆபத்து.

சிவகங்கைப் பக்கம் பிறந்து மேலூர் அருகே வாழ்க்கைப்பட்ட அம்மா ஒருவர், "சர்வேயர் வந்தாக, அளந்தாக, கல்லு நடல" என்றார். மதுரை நகரத்தின் 'வந்தாங்க', சிவகங்கைச் சீமையில் 'வந்தாக' என்றாகும். தெற்கே நெல்லையில் 'வந்தாவ' என்று கேட்கும். மூன்றும் 'வந்தார்கள்' என்னும் மரியாதைச் சொல்தான். செயலியோ அதை 'வந்ததாக, அளந்ததாக' என்று தானே திருத்திக்கொண்டது. ஒரே ஒரு 'த' கூடியதில், நேரில் கண்ட சாட்சி செவிவழிச் செய்தியாகிவிட்டது. வாசித்துக் காட்டியபோது, "தம்பி, நான் கண்ணால பாத்தத யாரோ சொன்ன மாதிரி எழுதிருக்கீகளே" என்று அந்த அம்மா பதறிப்போனார். எனக்கு உடம்பு கூசியது.

சொற்களை நாமே சேர்க்கும் வசதி இருக்கிறது. 'போய்க்கிருக்கு', 'வந்துக்கிருக்கு' ஆகியவற்றைச் சேர்த்தபின் அவை சரியாயின. 'வந்தாக' என்பதைச் சேர்த்தாலோ, உண்மையிலேயே 'வந்ததாக' என்று வர வேண்டிய இடத்திலும் குழம்புகிறது. செய்தி வாசிப்பவரின் தமிழை மட்டும் கேட்டுப் பழகிய செயலி என்றே எனக்குப் படுகிறது; பணம் வாங்கிக்கொண்டு தரும் சேவை பக்கத்து ஊர்ப் பேச்சையும் கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.

தம் சொந்தக் குரலில் கடிதம் எழுதுவோர் தயங்காமல் வாங்கலாம். நானும் சந்தாவை நீட்டித்திருக்கிறேன். ஆனால் இப்போது வந்தவரின் பேச்சை நேரே பதிவதில்லை. நான் கேட்டு, எழுத்துத் தமிழில் திரும்பச் சொல்லிப் பதிகிறேன். முழுவதையும் வாசித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவதில்லை.