குறுக்குக் காற்றில் தரையிறக்கம்: நண்டு நடையா, இறக்கைச் சாய்வா?

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் மேற்குக் காற்றை நேராகக் கோவைப் பக்கம் தள்ளும். 270 பாகையிலிருந்து, அதாவது நேர் மேற்கிலிருந்து, 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வீசினால், சுமார் 230 பாகை நோக்கி இறங்கும் கோவையின் 23ஆம் ஓடுபாதைக்கு வலப்புறமிருந்து குறுக்காக விழுவது சுமார் 13 நாட். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் கையேடு குறுக்குக் காற்றுக்குச் சொல்லும் அளவு 15 நாட்.

நண்டு நடையில் மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, இறக்கையை மட்டமாக வைத்து வரலாம். சிக்கல் கடைசி நொடியில்: இடது ரடரை (மூக்கை இடவலம் திருப்பும் வால் பலகையின் மிதி) மிதித்து நேராக்க வேண்டும். முந்தினால் விமானம் இடப்புறம் ஒதுங்கும். பிந்தினால் சக்கரம் பக்கவாட்டில் உரசும், சக்கரத்தைத் தாங்கும் கால் ஒடியலாம்.

இறக்கைச் சாய்வில் வலது ஏலிரான் (இறக்கையோரப் பலகை) கொடுத்துக் காற்றுப் பக்க இறக்கையைத் தாழ்த்தி, இடது ரடரால் மூக்கை நேராக வைக்க வேண்டும். வலது சக்கரம் முதலில் தொடும். சிறு விமானத்துக்கு இதுவே மேல். ரடரை முழுதாக மிதித்தும் மூக்கு நேராகாவிட்டால், காற்று மிஞ்சிவிட்டதென்று தரை தொடுமுன்பே தெரியும், உடனே மேலேறிவிடலாம். தொட்டதும் ஏலிரானைத் தளர்த்திவிடுவதுதான் பெரிய தவறு. வேகம் குறையக் குறைய அதை வலக்கோடி வரை கொண்டுபோக வேண்டும், இல்லையேல் வலது இறக்கை கிளம்பிவிடும்.