டிசைன் கட்டணமா, டர்ன்கீயா? கடைசி 10 சதவீதக் கணக்கு

இன்டீரியர் டிசைன் தொழிலைத் தொடங்குகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எதற்குப் பணம் வாங்குவது என்பதைத்தான். வரைபடம், 3டி படம், பொருள் பட்டியல் கொடுத்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்கலாம். அல்லது பிளைவுட் முதல் ஆசாரி கூலி வரை எல்லாவற்றையும் ஏற்று, வீட்டை முடித்துக் கொடுக்கும் டர்ன்கீயில் இறங்கலாம். நான் முதல் வழியில் போனவன். ஆகவே இது நடுநிலைத் தீர்ப்பு அல்ல.

டர்ன்கீக்கு வாடிக்கையாளர் எளிதில் கிடைப்பார். "வரைபடத்தை வைத்துக்கொண்டு நான் யாரைத் தேடுவேன்?" என்று கேட்பவர்களே அதிகம். கணக்கில் புரளும் தொகையும் பெரிது. ஆனால் மிஞ்சுவது எவ்வளவு?

உதாரணத்துக்கு 1,200 சதுர அடி வீடு. பொருளும் கூலியும் 8 லட்சம் ரூபாய். அதன்மேல் 20% வைத்து 9.6 லட்சத்துக்குக் கொட்டேஷன் தருகிறீர்கள். வாடிக்கையாளர் 10% குறைக்கச் சொல்கிறார். தலையாட்டினால் தொகை 8.64 லட்சம். லாபம் 1.6 லட்சத்திலிருந்து 64,000 ஆகிவிடும். குறைத்தது 10%தான், லாபத்தில் போனது 60%.

இனிதான் முக்கியமான கணக்கு. அட்வான்ஸ் 50%, வேலை நடக்கும்போது 40%, ஒப்படைத்த பிறகு 10% என்று பேசியிருந்தால், அந்தக் கடைசித் தவணை 86,400 ரூபாய். அதாவது உங்கள் மொத்த லாபத்தைவிட அதிகம். ஆசாரிக்கும் கடைக்காரருக்கும் 8 லட்சத்தைக் கொடுத்து முடித்த நாளில் உங்களுக்கு வந்திருப்பது 7,77,600. வீடு பளபளவென்று நிற்கும். உங்கள் கையிலிருந்து 22,400 போயிருக்கும். கபோர்டு கதவு உரசுகிறது, மைக்கா நிறம் சற்று மாறியிருக்கிறது என்று அந்தத் தவணை தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் அடுத்த வீட்டின் அட்வான்ஸிலிருந்து எடுத்துச் செலவழிக்கத் தோன்றும். இந்தத் தொழிலில் பலரைச் சாய்ப்பது அந்தப் பழக்கம்தான்.

டிசைன் மட்டும் என்றால், சதுர அடிக்கு 60 ரூபாய் வீதம் இதே வீட்டுக்கு 72,000. பயணம், பிரிண்ட், வெளியே கொடுத்துச் செய்யும் 3டி படம் எல்லாம் 12,000 என்று வைத்தாலும் 60,000 நிற்கும். டர்ன்கீயில் பேரம் போக நின்றதும் கிட்டத்தட்ட அதுதான்! கடைசித் தவணை வந்த பிறகே இறுதி வரைபடம் என்று முதலிலேயே எழுதிவிடலாம். பிடி நம் கையில் இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: "சைட்டுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போங்களேன்" என்ற அழைப்புகளுக்கு எல்லை வைக்காவிட்டால் அந்த 60,000 கரைந்துவிடும்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். டர்ன்கீயில் மூன்றாவது வீட்டிலேயே அது தாண்டிவிடும். டிசைன் கட்டணத்தில் 27 வீடுகள் வரை போகலாம். தாண்டிய பிறகு பில்லில் ஏறும் 18 சதவீத வரியை, வியாபாரிகளைப் போல வீட்டுக்காரர் தன் வரியில் கழித்துக்கொள்ள வழியில்லை. அவருக்கு அது வெறும் விலையேற்றம்.

சொந்தத் தச்சுப் பட்டறை இருப்பவருக்கு என் கணக்கு பொருந்தாது. அவருக்குக் கூலியிலும் லாபம் உண்டு. கடை, அலுவலக வேலைகளில் எனக்கு அனுபவம் குறைவு, அங்கே தவணைமுறை வேறாக இருக்கலாம். எப்படியும் டர்ன்கீதான் என்றால், இரண்டு வீடுகளின் கடைசித் தவணை அளவுக்கு, ஏறக்குறைய 1.75 லட்சம், தனிக் கணக்கில் போட்டுவிட்டு முதல் அட்வான்ஸை வாங்குங்கள்.