ராக் கிட்டார் கற்க எந்தப் பாட்டை எடுப்பது? மூன்று பாடல்கள், ஓர் அலசல்

திறந்த கார்டுகள் (சில கம்பிகளை அழுத்தாமல் ஒலிக்கவிடும் கூட்டுச்சுரங்கள்) ஓரளவு வந்துவிட்டன, எலெக்ட்ரிக் கிட்டாரும் ஆம்ப்பும் (ஒலிபெருக்கி) கையில் இருக்கின்றன. அடுத்து ஒரே ஒரு பழைய பாட்டை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கற்கலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்பார்கள்: டீப் பர்ப்பிளின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ (1972), ஏசி/டிசியின் ‘பேக் இன் பிளாக்’ (1980), பிங்க் ஃபிளாய்டின் ‘கம்ஃபர்ட்டபிளி நம்’ (1979). மூன்றும் சொல்லித்தருவது வேறு வேறு. எது சுலபம் என்று பார்ப்பதைவிட, எந்தத் தவறை எந்தப் பாட்டு மறைக்க விடாது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி.

‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு) முதல் நாளே வாசித்துவிடலாம் என்பார்கள். வாசிக்கலாம், தப்பாக. ஆறாம் கம்பியில் (மிகத் தடித்தது) 0-3-5 என்று (எண்கள் கழுத்தின் குறுக்குக் கட்டங்களான ஃப்ரெட்களைக் குறிக்கும், 0 என்றால் அழுத்தாத கம்பி) ஒற்றைக் கம்பியில் தட்டுவது ஒரு தப்பு. பவர் கார்டு (அடிச்சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் மட்டும் சேர்ந்தது) பிடித்து பிக்கால் (மீட்டும் சிறு தகடு) அடிப்பது இன்னொரு தப்பு. அந்த ரிஃப் நான்காம், மூன்றாம் கம்பிகள் சேர்ந்து ஒலிக்கும் இரட்டைச் சுரம். இரண்டு கம்பியிலும் ஒரே ஃப்ரெட்தான்: 0-3-5, 0-3-6-5, 0-3-5-3-0. டீப் பர்ப்பிளின் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் பிக்கை விட்டுவிட்டு விரல்களால் கிள்ளுகிறார். பிக் ஒரு கம்பியைத் தொட்ட பிறகே அடுத்ததைத் தொடும். விரலால் கிள்ளினால் இரண்டும் ஒரே கணத்தில் கிளம்பும். அந்தப் பாட்டின் தடித்த ஒலிக்குப் பாதிக் காரணம் அதுதான்.

தாளத்தில்தான் பெரும்பாலோர் வழுக்குவார்கள். முதல் மூன்று அடிகள் 1, 2, 3 என்ற எண்ணிக்கையிலேயே விழுகின்றன. நான்காவது சுரம் நான்காம் எண்ணிக்கைக்கு அரை இடம் தள்ளி வரும். அடுத்த பாரில் (நான்கு எண்ணிக்கை கொண்ட தாளச் சுற்றில்) மூன்றாம் ஃப்ரெட்டும் ஆறாம் ஃப்ரெட்டும் அதே போல அரை இடம் தள்ளி வந்து, ஐந்தாம் ஃப்ரெட் 3-இல் வந்து உட்காரும். காலால் தாளம் தட்டிக்கொண்டே வாயால் இதைச் சொல்ல வராதவருக்குக் கையாலும் வராது. ஆனால் இந்தப் பாட்டு தரும் பாடம் அநேகமாக இதோடு சரி. இரண்டு வாரத்துக்கு மேல் இதில் தங்க வேண்டியதில்லை.

‘பேக் இன் பிளாக்’ காகிதத்தில் இதைவிட எளிது: E ஒரு அடி, D மூன்று, A மூன்று. ஆனால் அந்த அடிகளுக்கு நடுவில் இருக்கும் மௌனத்தையும் வாசித்தாக வேண்டும். பவர் கார்டாக இருந்தால் இடக்கை விரலைச் சற்றுத் தளர்த்தினாலே ஒலி நின்றுவிடும். இங்கே இருப்பவை திறந்த கார்டுகள். விரலை எடுத்தாலும் திறந்த கம்பிகள் தம் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டே இருக்கும். எனவே வலக்கை உள்ளங்கையின் விளிம்பு பிரிட்ஜ் (கம்பிகள் கிட்டார் உடலில் பதியும் இடம்) பக்கம் இறங்கி அடைக்க வேண்டும், இடக்கையின் சும்மா இருக்கும் விரல்கள் கம்பிகள் மேல் படிய வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில். D பிடிக்கும்போது ஆறாம் கம்பி முனகினால் அதைக் கட்டைவிரலால் மேலிருந்து தொட்டு அடக்குங்கள்.

இன்னொன்று, கெயின், அதாவது ஆம்ப்பில் ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு. ‘ராக்’ என்றதும் டிஸ்டார்ஷனை முழுசாகத் திருகிவிடுகிறோம். இந்தப் பாட்டின் ஒலி கேட்பதற்கு முரடாகத் தெரிந்தாலும் கெயின் குறைவு. கார்டை அடித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே காதில் விழ வேண்டும். விழாவிட்டால் கெயினைக் குறைத்து வால்யூமைக் கூட்டுங்கள். கெயின் அதிகமானால் அடைக்காத கம்பியின் சின்ன முனகலும் பெரிதாகி மௌனத்தை நிரப்பிவிடும், தவறு எங்கே என்றே தெரியாது.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 94 அடியை ஒட்டியது. மெட்ரனோமை (தாளம் தட்டும் கருவி) 47-இல் வைத்து, அந்தத் தட்டு 2-இலும் 4-இலும் விழுவதாக எண்ணி வாசித்துப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் தடுமாறும். ரிஃப்பின் நடுவே வரும் குட்டி லிக்கில் (சிறு சுரக்கோவையில்) முதல், இரண்டாம் கம்பிகளில் மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து திறந்த கம்பிக்குப் புல்-ஆஃப், அதாவது அழுத்திய விரலை விலக்கியே கம்பியை ஒலிக்கவிடுவது. விரலை நேரே மேலே தூக்கினால் ஒலி செத்துவிடும். தரையை நோக்கிச் சற்றே இழுத்து விட வேண்டும்.

‘கம்ஃபர்ட்டபிளி நம்’ பாட்டின் இரண்டாவது சோலோ (கிட்டார் தனி வாசிப்பு) ஏறக்குறைய 64 அடி வேகம்தான். மெதுவானது என்று நம்பி இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வது பெண்டிங்கில், அதாவது கம்பியை வளைத்துச் சுருதியை ஏற்றுவதில். வேகமான சோலோவில் சுருதி சேராத பெண்ட் ஓடிப்போய்விடும், இங்கே நீண்டு நின்று காட்டிக்கொடுக்கும். சோதிக்க எளிய வழி உண்டு. சோலோ B மைனரில், ஏழாம் ஃப்ரெட் பென்டாடோனிக்கில் (ஐந்து சுர வரிசையில்). மூன்றாம் கம்பி ஒன்பதாம் ஃப்ரெட்டை ஒரு முழுச் சுரம் வளைத்தால் அது இரண்டாம் கம்பி ஏழாம் ஃப்ரெட்டின் ஒலியோடு ஒன்றாக வேண்டும். முதலில் ஏழாம் ஃப்ரெட்டை வாசித்துக் காதில் வாங்குங்கள், பிறகு வளையுங்கள். இரண்டாம் கம்பி பத்தாம் ஃப்ரெட்டுக்கு முதல் கம்பி ஏழாம் ஃப்ரெட் அளவுகோல்.

வளைவு எட்டாமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் மோதிர விரல் தனியாக மல்லுக்கட்டுவதுதான். நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதே கம்பியில் பின்னால் சேர்த்து, கட்டைவிரலைக் கழுத்தின் மேல் கொக்கி போலப் போட்டு, மணிக்கட்டைத் திருப்புங்கள். கதவுக் குமிழைத் திருகும் அசைவு அது. மிதக்கும் ட்ரெமொலோ பிரிட்ஜ் (ஸ்பிரிங்கில் நின்று அசையும் பிரிட்ஜ்) உள்ள கிட்டாரில் ஒரு கம்பியை வளைத்தால் மற்றவை சுருதி இறங்கும். அதை உங்கள் கையின் குறை என்று எண்ண வேண்டாம்.

எக்கோவை அணைத்துவிட்டே பழகுங்கள். ஒலி மொட்டையாகத்தான் இருக்கும், ஆனால் எக்கோ குறைகளை மெழுகிவிடும். பிங்க் ஃபிளாய்டின் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மோர் இந்த சோலோவைப் பலமுறை வாசித்துப் பதிவுசெய்து, நல்ல பகுதிகளைக் கோத்து அமைத்தார். ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டதல்ல என்பதால் நான்கு நான்கு பார்களாகப் பிரித்துப் படிப்பதில் வெட்கமில்லை.

லெட் செப்பலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ ஏன் இந்த மூன்றில் இல்லை? விரல் மீட்டு, பன்னிரண்டு கம்பி கார்டுகள், சோலோ என எல்லாம் ஒரே பாட்டில் இருப்பதால் முகப்பை மட்டும் கற்றுவிட்டு நின்றுவிடுவார்கள். பிறகு பார்க்கலாம்.

எதை எடுத்தாலும் டேப்பை (tab, ஃப்ரெட் எண்களால் எழுதிய குறிப்பு) மட்டும் நம்ப வேண்டாம். அது எந்த ஃப்ரெட் என்று சொல்லும், எப்போது நிறுத்துவது என்று சொல்லாது. சுருதி மாறாமல் பதிவை 70 சதவீத வேகத்துக்கு இறக்கி, இரண்டு பாரைச் சுழற்சியில் ஓடவிட்டுக் கேளுங்கள்.

ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் ‘பேக் இன் பிளாக்’. கம்பியை அடக்கத் தெரியாத கை கில்மோரின் சோலோவுக்குப் போனால், மூன்றாம் கம்பியை வளைத்து இறக்கும் ஒவ்வொரு முறையும் நான்காம் கம்பி கூடவே முனகும். சுருதி சரியா என்று கேட்கவே அது விடாது.