பத்து வருடமாக யூடியூபில் வில்லுப்பாட்டு கேட்கிறேன்

இயர்போனில் வலது பக்கம் வேலை செய்யவில்லை என்று அடுத்தடுத்து மூன்று இயர்போன் மாற்றினேன். மூன்றாவதும் அதே கதையானபோதுதான் சந்தேகம் வந்து ஒரு சினிமாப் பாட்டைப் போட்டேன். இரண்டு காதிலும் கணீரென்று கேட்டது. கோளாறு நான் ஓட்டிக்கொண்டிருந்த வில்லுப்பாட்டு வீடியோவில் இருந்தது. கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, வந்த வீடியோகாரர் மைக் செட் மிக்சரிலிருந்து ஒரே ஒரு வயரை எடுத்து கேமராவில் சொருகியிருக்கிறார். அது இடது பக்கத்துக்கு மட்டும் போயிருக்கிறது. சுடலைமாடன் கதை முழுவதும், ஆறு மணி நேரமும், இடது காதுக்கு மட்டும்தான்.

இதற்கு வைத்தியம் போனிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் போனால் 'மோனோ ஆடியோ' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் ஒரு பக்கச் சத்தம் இரண்டு காதுக்கும் வரும். ஒரு காது சரியாகக் கேட்காதவர்களுக்காக வைத்த வசதி. தென்மாவட்டக் கொடை வீடியோ பார்ப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இது தெரிய எனக்கு ஆறு மாதம் ஆனது.

2016 கடைசியில், டேட்டா மலிவான நேரத்தில் ஆரம்பித்த பழக்கம் இது. அதற்கு முன் எனக்கு வில்லிசை என்றால் கேசட்தான். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். ராத்திரி முழுக்கப் பாட வேண்டிய கதையை அதற்குள் சுருக்குவார்கள். முத்துப்பட்டன் கதையில் சரியாக அவன் சண்டைக்குக் கிளம்பும் இடத்தில் டக்கென்று நின்றுவிடும். திருப்பிப் போட வேண்டும். சின்ன வயதில் கேட்டதால் இன்றைக்கும் அந்தக் கதை அந்த இடத்தில் எனக்குள் ஒருமுறை நிற்கும்.

யூடியூபில் முதலில் தேடியபோது கிடைத்ததெல்லாம் மேடை வில்லுப்பாட்டு. பள்ளி ஆண்டு விழா, சுகாதாரப் பிரச்சாரம், டிவி பொங்கல் நிகழ்ச்சி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இந்தக் கலையைக் கோயில் முற்றத்திலிருந்து மேடைக்குக் கொண்டுவந்தார். சுப்பு ஆறுமுகம் வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்தார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அடுத்த வருடம் மறைந்துவிட்டார். தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு வில்லுப்பாட்டு என்றால் அந்த மேடை வடிவம்தான். ஆனால் நான் தேடியது சாமி வந்து ஆடும் வில்லுப்பாட்டை. அது வேறு ஜாதி. அங்கே முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ரசிகர்கள் என்று சொல்ல முடியாது. கதை ஒழுங்காகப் பாடப்படுகிறதா என்று சாமியே கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பிக்கை.

அதைக் கண்டுபிடிக்கத் தேடல் பெட்டியில் 'வில்லுப்பாட்டு' என்று தட்டினால் பயனில்லை. தென்பக்கம் 'வில்லிசை' என்பார்கள், அதையே ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாக எழுதுவார்கள். எனக்குக் கைகொடுத்தது, சாமி பெயரோடு 'கொடை' என்ற சொல்லைச் சேர்ப்பது. இசக்கியம்மன் கொடை, முத்தாரம்மன் கொடை, சுடலைமாடன் கொடை. கூடவே 'மகுடம்' என்று சேர்த்தால், அந்தப் பறையை அடித்து ஆடும் கணியான் கூத்தும் வந்து விழும். அதில் வரும் பெரும்பாலானவை உள்ளூர் வீடியோகாரர்களும் மைக் செட்காரர்களும் ஏற்றியவை. தலைப்பில் ஊர் பெயர், விழாக்குழு, வீடியோகாரரின் கைபேசி எண். பார்த்தவர்கள் இருநூறு, முந்நூறு பேர். அதில் நானே பத்துத் தடவை இருப்பேன்.

சத்தத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். என் அனுபவத்தில் முக்கால்வாசி அதுதான்.

வில்லுப்பாட்டின் உயிர் குடம். மண்குடத்தின் வாயில் பத்தி என்ற மட்டையால் அடிக்கும்போது எழும் அந்த 'தும்' வயிற்றில்தான் முதலில் விழும், காதுக்கு அப்புறம்தான் வரும். போன் ஸ்பீக்கரால் அந்த அடித்தொனியை எழுப்ப முடியாது. அவ்வளவு சின்னத் தகடு அவ்வளவு காற்றைத் தள்ளாது. அதனால் போனில் நேரடியாகக் கேட்டால் குடம் இருக்கும் இடத்தில் ஒரு 'டொக்' மட்டும் கேட்கும். உடுக்கை பிழைத்துக்கொள்ளும். இடுப்புக் கயிற்றை அழுத்தி அதைக் கெஞ்ச வைப்பது போனிலும் தெரியும். ஜால்ராவும் வில்லில் தொங்கும் மணிகளும் வேறு விதத்தில் கெட்டுப்போகும். வீடியோவைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது இந்த மாதிரிச் சிலுங்கல் சத்தம்தான். ஏற்கெனவே சுருக்கிய ஃபைலை வாட்ஸப்பில் வாங்கி மறுபடி ஏற்றியிருந்தால், ஜால்ராவைத் தண்ணீருக்குள் வைத்துத் தட்டுவது போல இருக்கும்.

இன்னொன்று, போனிலேயே எடுத்த வீடியோக்கள். போன் மைக் சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும். யாரோ பேசுவதை எடுக்க அது நல்லது. வில்லிசையில் வில்லின் நாணில் அடிக்கும் வீசுகோல் ஓங்கி விழுந்ததும் மைக் பயந்துபோய் எல்லாவற்றையும் இறக்கும், அரை நொடி கழித்து மெல்ல ஏற்றும். பாடுகிறவர் குரல் ஒவ்வொரு அடிக்கும் கிணற்றுக்குள் போய் வருவது போல ஆகிவிடும். நாலைந்து வருடம் இதைப் பாடுகிறவருக்கு மூச்சு வாங்குவதாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தேன். பாவம், அவர்களை என்ன நினைத்திருக்கிறேன்!

வீடியோ காலில் இது இன்னும் மோசம். ஒரு கொடைக்குப் போக முடியாமல் போனபோது மாமா அங்கிருந்து வீடியோ கால் போட்டார். "கேக்குதா மாப்ளே, கேக்குதா?" என்று அவர் கேட்பது மட்டும் துல்லியமாகக் கேட்டது. பின்னால் நாலு பேர் அடித்துக் கிளப்புகிறார்கள், அது சுத்தமாக இல்லை. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று முடிவுகட்டி அழிப்பதற்காகவே எழுதிய மென்பொருள் அது. அதன் கணக்கில் மகுடமும் மின்விசிறியும் ஒன்று. பாட்டு வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும், சுருதிப்பெட்டியையே விழுங்கிவிடும். சில செயலிகளில் 'அசல் ஒலி' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் தப்பிக்கலாம். மாமாவை அதைப் போடச் சொல்லி நான் கத்தியதும் அவருக்குக் கேட்கவில்லை.

ஆக, நல்ல பதிவு எது என்று கேட்டால்: மிக்சரிலிருந்து ஒரு வயர், கேமராவின் சொந்த மைக்கிலிருந்து இன்னொரு பக்கம், இரண்டும் கலந்தது. வயரில் குரல் தெளிவாக வரும். கேமரா மைக்கில் குடமும் கூட்டமும் தூரத்துக் குழாய் ஸ்பீக்கரும் வரும். இரண்டும் சேர்ந்தால்தான் கொடையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதாகத் தெரியவில்லை. பழைய கேமராவில் இடது பக்க வயரை மட்டும் சொருகி, வலது பக்கம் தற்செயலாகத் திறந்து கிடந்த இரண்டு வீடியோக்கள் என்னிடம் இருக்கின்றன. நான் கேட்டதில் அவற்றை மிஞ்ச ஒன்றுமில்லை.

யூடியூப் தளத்தின் வசதிகளில் நான் தினமும் பயன்படுத்துவது குறைவு. கணினியில் ஜே, கே, எல் என்ற மூன்று விசைகள் போதும்: பத்து நொடி பின்னால், நிறுத்து, பத்து நொடி முன்னால். வேகத்தை 0.75 ஆக்கினால் வேகமாக ஓடும் அடிகளின் சொற்கள் பிடிபடும். சுருதி மாறாது, ஆனால் குடம் கொஞ்சம் கொழகொழப்பாகும். என் அக்கா மகள் எல்லாவற்றையும் 1.5 வேகத்தில் பார்ப்பவள். ஒருமுறை என் வீடியோவையும் அப்படி ஓட்டினாள். சாமிக்கு ஏதோ பஸ்ஸைப் பிடிக்க அவசரம் போல இருந்தது.

ஆறு மணி நேர வீடியோவுக்கு நேரக்குறிப்பு போட்டுக் கொடுத்தது என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த சில காரியங்களில் ஒன்று. விளக்கப் பகுதியில் 0:00 என்று ஆரம்பித்து வரிசையாகக் குறைந்தது மூன்று நேரங்களை எழுதினால் யூடியூப் அதை அத்தியாயங்களாகப் பிரித்துவிடும். கைலாயத்தில் பிறப்பு, மயானக் காவல், மலையாளம் போகிற இடம் என்று ஒரு வார இறுதி முழுக்க உட்கார்ந்து எழுதி அந்த வீடியோகாரருக்கு அனுப்பினேன். "எண்ணே, இதையெல்லாமா பாக்கீங்க?" என்று கேட்டுவிட்டு ஒட்டினார்.

அவரிடமிருந்து தெரிந்துகொண்ட ஒரு விஷயம்: யூடியூபில் நேரலை 12 மணி நேரத்தைத் தாண்டினால் தானாகச் சேமிக்கப்படாது. சாயங்காலம் ஆரம்பித்து மறுநாள் மதியம் வரை போகிற கொடையை ஒரே நேரலையாக விட்டால் ராத்திரி காற்றோடு போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் நடுச்சாமத்தில் ஒருமுறை நிறுத்தி 'பாகம் 2' என்று மறுபடி ஆரம்பிக்கிறார்கள். கேசட்டைத் திருப்பிப் போடுவதுதான், வேறென்ன.

குறும் வீடியோக்கள் வந்தபின் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2020இல் டிக்டாக் தடையானது, சில மாதங்களில் ஷார்ட்ஸ் வந்தது. கொடை என்றால் இப்போது முதலில் கண்ணில் படுவது சாமியாட்டத்தின் முப்பது நொடி. வேட்டை, தீப்பந்தம், அரிவாள், ஸ்லோ மோஷன். பின்னணியில் சினிமாப் பாட்டு. சாமியை ஆட வைத்த வில்லுக்காரர்களின் சத்தத்தை எடுத்துவிட்டு, ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். கதை மெல்ல ஏறி, சாமி சாகிற இடம் வந்து, அடி இறுகி, ஆடுகிறவர் உடம்பு நடுங்க ஆரம்பிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தைத் தூக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு ஆள் கையில் அரிவாளோடு குதிப்பது. எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த முப்பது நொடியைப் பார்த்துவிட்டு முழு வீடியோவைத் தேடி வருகிற பையன்களும் இருக்கிறார்கள். முந்நூறு பார்வையில் நின்ற வீடியோ சில மாதங்களில் நாலாயிரத்தைத் தொட்டதைப் பார்த்தேன்.

பரிந்துரைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் போனை ஒரு நாள் அக்கா மகளின் தம்பியிடம் கொடுத்தால் இரண்டு வாரம் கார்ட்டூன் வரும். பார்த்த வரலாற்றில் போய் அவற்றை அழித்தால் இசக்கியம்மன் திரும்பி வந்துவிடுவாள்.

சேமித்து வைக்கிற விஷயத்தில் மட்டும் அடிபட்டுப் புத்தி வந்தது. நான் அடிக்கடி கேட்ட ஒரு முழு இரவுப் பதிவு ஒரு நாள் காலையில் இல்லை. ஏற்றியவர் தொழிலை விட்டுவிட்டார், சேனலையும் எடுத்துவிட்டார். பாடிய அம்மாள் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். குமரி மாவட்டத்து வில்லிசைக் கலைஞர் பூங்கனி 2018இல் மறைந்தபோது பலரும் வீடியோ தேடினார்கள்; அவருக்காவது ஓரளவு கிடைத்தது. பெயர் வெளியே தெரியாத எத்தனையோ பேருக்கு அந்த ஒரு வயர், ஒரு கேமராதான். இப்போதெல்லாம் பிடித்த பதிவு என்றால் வீடியோகாரருக்கே போன் செய்து மூல ஃபைலை ஹார்ட் டிஸ்கில் வாங்கிக்கொள்கிறேன். தலைப்பில் எண் இருக்கிறதே. அவர்களும் சந்தோஷமாகவே கொடுக்கிறார்கள், சில நேரம் யூடியூபில் ஏற்றாத மிச்சத்தையும் சேர்த்து.

அப்படி வந்த ஒன்றைத்தான் இந்த வாரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐந்தாவது மணி நேரத்தில் வீடியோகாரர் தூங்கிவிட்டார் போல. கேமரா மெல்லச் சரிந்து பந்தல் ஓரத்தில் ஜமுக்காளத்தில் படுத்திருக்கும் ஒரு குழந்தையைக் காட்டியபடியே நிற்கிறது. கதை ஓடுகிறது. நாற்பது நிமிடம் அந்தக் குழந்தை மட்டும். குடம் ஓங்கி விழும்போது அதன் கால் ஒருமுறை உதறும். இடையில் பாட்டு நின்று, மைக்கை மூட மறந்து, பாடுகிறவர் பக்கத்தில் கேட்கிறார்: "சுக்காப்பி வந்துச்சா இல்லையாப்பா?"